ஆற்றுமணலில் அரிப்பை அளக்கும் படிப்பு: மார்த்தாண்டம் பெற்றோருக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை நிலவியலில் (ஜியாலஜி), பனியாறு அதாவது நகரும் பனிக்கட்டி செதுக்கிய பள்ளத்தாக்கு ஆய்வுக்குப் போகணும் என்கிறாள், வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் இதில் மலையில் கழிவது சில வாரம், ஆய்வுக்கூடத்தில் கழிவது மாதக்கணக்கு. கெமிஸ்ட்ரி பிடிக்காதவர்களுக்கு இது சரிப்படாது.

பள்ளத்தாக்கின் பாறை எவ்வளவு வேகமாக அரித்துப் போகிறது என்று அளப்பதுதான் வேலை. விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர் பட்டுக்கொண்டே இருப்பதால், தரையை ஒட்டியுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தில் பெரிலியம்-10 என்ற அரிய அணுவகை சேர்கிறது. தரை வேகமாகக் கரைந்தால் சேர நேரமிருக்காது. எனவே மணலில் அது குறைவென்றால் அரிப்பு அதிகம். ஓரிரு கிலோ ஆற்றுமணலைச் சலித்து, 0.25 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள மணிகளை எடுத்து, காந்தத்தில் கருமணலைப் பிரிப்பார்கள். மணவாளக்குறிச்சி ஆலையில் இல்மனைட் என்ற கருங்கனிமத்தைப் பிரிக்கிற அதே வித்தைதான். பிறகு நீர்த்த ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் பலமுறை போட்டு, ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமத்தைக் கரைத்து குவார்ட்ஸை மட்டும் நிறுத்துவார்கள். ஃபெல்ட்ஸ்பார் மிச்சமிருந்தால் அலுமினியம் மிகுந்து, பெரிலியத்தைப் பிரிக்கும் வேலையைக் கெடுத்துவிடும். போரான் என்ற தனிமம் போகாவிட்டால் பெரிலியம்-10 எண்ணிக்கையே குழம்பும். போரான்-10க்கும் ஏறக்குறைய அதே எடை. எண்ணுவது ஆக்சிலரேட்டர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது அணுக்களை வேகப்படுத்தி எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி. டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில் அந்த வசதி உண்டு.

முன்பு பனி மூடியிருந்த இமயப் பள்ளத்தாக்குகளில்தான் சிக்கல். பனிக்கட்டி கதிரைத் தடுத்திருக்கும். பனியாறு ஆழத்திலிருந்து சுரண்டிப் போட்ட குவியலிலோ பெரிலியம்-10 மிகக் குறைவு. அந்த மணல் ஆற்றில் கலந்தால், கணக்கில் அரிப்பு உண்மையைவிட வேகமாக வரும். ஆண்டுக்கு 0.05 மி.மீ. என்று கரையும் பாறையில், கதிர் பெரும்பாலும் படும் மேல் 60 செ.மீ. போகவே 12,000 ஆண்டு ஆகும். அதாவது பனியுகத்தின் கடைசிக் காலமும் அந்த எண்ணுக்குள் கிடக்கும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. வேதியியலும் புள்ளியியலும் கூடவே வரட்டும். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். அடுத்து எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அதன்பின் இரண்டு வழி: யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு வழியாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறை, இல்லையென்றால் நெட் என்ற தகுதித்தேர்வு எழுதி பிஎச்.டி. இதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.37,000. பிஎச்.டி. முடிய 27, 28 வயது ஆகும்; கல்யாணப் பேச்சை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் சீக்கிரம் வேண்டுமென்றால் முதல் வழியே மேல்.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு ஆய்வுக்கூடம் தேடும்போது, அமிலப் புகையை உறிஞ்சும் கூண்டும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஹைட்ரோஃபுளூரிக் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்புவரை இறங்கும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வேறு இடம் பார்க்கட்டும்.