அடிட்டிவ் ஊற்றும் முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்

நண்பரே, ஏற்காடு ஏறும்போது கியர் மாறுகையில் வண்டி உதறுகிறது, கியர்பாக்ஸ் ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் பாட்டில் வாங்கிவிட்டேன், வீட்டிலேயே ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் என்றால் ஊற்றலாம். சிவிடி, டிசிடி, ஏஎம்டி எனும் வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம், அவற்றின் ஆயிலே வேறு.

மலையடிவாரத்துக் கோரிமேடு வரை போய்வந்து ஆயிலைச் சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பார்க்கில் வைத்து, பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியை, உருவி அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுத்தான், மேனுவலைப் பாருங்கள். குச்சியை வெள்ளைத் துணியில் துடைத்தால் கறை சொல்லிவிடும். கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் அடிட்டிவ் காப்பாற்றாது, ஆயிலை மாற்றத்தான் வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இழுத்து ஏறும்போது வரும் சூடு ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும்.

பலர் கோட்டை விடுவது அளவில்தான். ஆயில் ஏற்கெனவே மேல் கோட்டில் இருந்தால், இன்ஜினை அணைத்து, ஆயில் ஆறியதும் டிப்ஸ்டிக் குழாயில் மெல்லிய ட்யூப் விட்டு, பாட்டில் அளவுக்குச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். எடுக்காமல் ஊற்றினால் சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது, கியர் வழுக்கும். தூசியில்லாத நீளப் புனலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா நிலைக்கும் மாற்றிவிட்டு, மறுபடி ஒரு சுற்று ஓட்டி அளவு பாருங்கள்.

அதற்கும் உதறல் குறையவில்லையா? இன்னொரு பாட்டில் தயவுசெய்து வேண்டாம். ஸ்கேனர் வைத்திருக்கும் கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் சோலனாய்டை (கியர் மாற ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை குடும்பத்தோடு மலையேறாதீர்கள்.