இரட்டைக்குழலுக்கு எந்த ரிப் பொருந்தும்?

வணக்கம். 28 அங்குலக் குழல்கள் பக்கவாட்டில் அமைந்த உங்கள் 12 போர் (bore, குழல் விட்ட அளவு) துப்பாக்கியின் ரிப், அதாவது இரு குழல்களுக்கும் இடையே மேற்புறம் நீளவாக்கில் ஓடும் உலோகப் பட்டை, தளர்ந்துவிட்டதால் மாற்றப்போவதாகவும், இலக்காக வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும்போது கண் குழல்களின் மேல் அலைபாய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த நிலையில் குழிந்த ரிப்பைவிட, மேற்பரப்பில் பளபளப்பு இல்லாத உயர்ந்த தட்டை ரிப்பையே நான் பரிந்துரைப்பேன். அது கண்ணுக்கு ஒரே தெளிவான தளத்தைத் தரும். நாள் முழுவதும் சுமந்து நடக்கும் வேட்டைக்குக் குழிந்த ரிப்பின் எடைக் குறைவு பெரிதும் உதவும் என்பதையும் மறுக்க முடியாது. ஆங்கிலேயத் துப்பாக்கித் தயாரிப்பாளர் ராபர்ட் சர்ச்சில் தம் 25 அங்குலக் குழல்கள் நீளமாகத் தோன்றவே குறுகிச் செல்லும் உயர்ந்த ரிப்பை அமைத்தார். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

ஒன்றை மட்டும் அவசியம் கவனியுங்கள். ரிப் உயரும்போது, அதனுடன் ஒப்பிட உங்கள் கண் தாழ்ந்துவிடும் என்பதால், கன்னம் பதியும் கட்டையின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும்; 16 கஜத்தில் சுட்டுப் பார்த்தால், குண்டுகள் விழும் இடத்தில் ஓர் அங்குல மாற்றத்துக்குக் கட்டையில் ஏறக்குறைய 1/16 அங்குலம் போதும். ரிப் மென்பற்றாசினால் (குறைந்த வெப்பத்தில் உருகும் ஒட்டு உலோகம்) ஒட்டப்பட்டிருந்தால், குழல்களுக்குச் சூடான காரக் கரைசலில் கருமையேற்ற அனுமதிக்காதீர்கள். அந்தக் கரைசல் பற்றாசை அரித்துவிடும். துருவேற்றிக் கருமையாக்கும் மெதுவான முறையே பாதுகாப்பானது.