அப்பச்சி (அப்பா) வழி நோய் மகளுக்கு வருமா?

கேள்வி: எனக்கு வயது 36. அப்பத்தாவுக்கும் அயித்தைக்கும் ஐம்பது வயதாகும் முன்பே மார்பகப் புற்றுநோய் வந்தது. ‘அப்பச்சி வழி நோய் பெண்பிள்ளைக்கு வராது’ என்கிறார்கள் வீட்டில். நான் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அவசியம் பாருங்கள். 1994, 1995ஆம் ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்ட பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 மரபணுக்களில் உள்ள, மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பழுதைத் தாயைப் போலவே தந்தையும் கடத்தக்கூடும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது வந்துசேர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று ஆண்வழியைத் தவறாமல் சொல்லும் நம் ஊரில், எந்த ஆச்சி எந்த வயதில் எதனால் இறந்தார் என்பதை மட்டும் யாரும் குறித்துவைப்பதில்லை. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். எனவே, சினைப்பைப் புற்றுநோய் உட்பட, இருவழி உறவினருக்கும் வந்தவற்றை வயதோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

அயித்தை இப்போது இருந்தால், மரபணுப் பரிசோதனையை அவருடைய இரத்தத்தில் தொடங்குவதே முறை. அவரிடம் பழுது கண்டறியப்பட்டால், உங்களிடம் அது உண்டா இல்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். உங்களுக்கும் இருப்பின், இளவயது மார்பகத்தின் அடர்த்தியில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சில கட்டிகளைத் தவறவிடும் என்பதால், ஆண்டுதோறும் எம்ஆர்ஐ பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள். சிலருக்கு நோய் வரும் ஆபத்தைக் குறைக்க டமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் தருவதுண்டு. கருவுற எண்ணுபவர்களுக்கு அது ஆகாது. மார்பகங்களை முன்கூட்டியே அகற்றும் அறுவை சிகிச்சை ஆபத்தைப் பெருமளவு குறைக்கும் என்றாலும், அது உங்கள் முடிவாக இருக்க வேண்டுமே தவிர, வீட்டாரின் முடிவாக அல்ல.