அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஒரு குட்டிக் குடியரசு இருந்ததாமே, உண்மையா?

உண்மைதான், பெயர் இந்தியன் ஸ்ட்ரீம். அமெரிக்க விடுதலைப் போரை முடிக்க அமெரிக்காவும் (அப்போது கனடாவை ஆண்ட) பிரிட்டனும் போட்ட 1783 பாரிஸ் ஒப்பந்தத்தில் கனெக்டிகட் ஆற்றின் வடமேற்குத் தலையூற்றுதான் எல்லை என்று எழுதிவிட்டார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அது எந்த ஓடை என்பதே தகராறு. நடுவில் மாட்டிக்கொண்ட சுமார் 300 பேரிடம் இரண்டு பக்கமும் வரி கேட்டது. போதுமடா சாமி என்று 1832 ஜூலையில் தாங்களே சாசனம் எழுதி, ஓட்டெடுத்து, குடியரசாகிவிட்டார்கள்.

கூத்து என்னவென்றால், அதற்கு முடிவு கட்டியது ஒரு இரும்புக்கடைப் பாக்கி! 1835இல் பாக்கி வைத்தவரைக் கனடா பக்கத்து அதிகாரி பிடித்துப்போக, இங்கிருந்து ஒரு கும்பல் எல்லை தாண்டிப் போய் மீட்டு வந்தது. அப்புறம் என்ன, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் படை வந்து இறங்கியது. 1842இல் அமெரிக்காவும் பிரிட்டனும் போட்ட எல்லை ஒப்பந்தத்தில் இடம் அமெரிக்காவுக்கே போனது. இப்போது அந்த ஊர் பிட்ஸ்பர்க் (பென்சில்வேனியாவில் இருக்கும் பெரிய நகரம் இல்லை, இது நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடி).