உள்ளூர் ரீவி எங்கட சனத்துக்கு என்ன செய்ய வேணும்? – கேள்வி பதில்

உள்ளூர்த் தொலைக்காட்சி பற்றிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் உறவுகள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஒரு உள்ளூர் அலைவரிசையின் செய்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள். இப்போது புதிதாக வாற பிள்ளைகளுக்கு நிருபர் வேலை பழக்குகிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்களை மட்டும் விட்டிருக்கிறேன்.

முரசுமோட்டை, கமக்காரர்: அக்கா, பெரிய சனல் எல்லாத்திலயும் செய்தி வருது. போனிலயும் உடனுக்குடன வருது. பிறகேன் எங்களுக்கெண்டு ஒரு ரீவி?

அண்ணை, நீங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிறீங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கோ. குளம் நிரம்பி வான்கதவுகள் திறபட்ட நேரம் கொழும்புச் செய்தி சொன்னது "வடக்கில் கடும் மழை" என்று. அது பொய்யில்லை. ஆனால் பன்னங்கண்டியில் இருக்கிற ஒருவருக்கு அந்த வசனத்தை வைத்து மாட்டை அவிழ்க்கிறதா, நெல் மூட்டையை மேலே ஏற்றுகிறதா என்று முடிவெடுக்க ஏலாது. அவருக்கு வேண்டியது வேறு: குளம் இப்போது எத்தனை அடி, எத்தனை கதவு எவ்வளவு உயரத்துக்குத் திறந்திருக்கு, அந்தத் தண்ணி ஊரியானுக்கும் கண்டாவளைக்கும் வர எவ்வளவு நேரம் எடுக்கும், பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் எந்த இடத்தால் போக ஏலாது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கு. இதைச் சொல்லுவதற்கு, 36 அடி என்றால் இரணைமடு நிரம்பின கணக்கு என்று தெரிந்த ஆள் கலையகத்தில் இருக்க வேணும்.

போனில் வருகிறது என்கிறீங்கள். உண்மை. அதோடு முந்தின வருசத்து வெள்ளப் படமும் வரும், குளம் உடைத்துவிட்டது என்ற குரல் பதிவும் வரும். அந்தக் குரலுக்குப் பெயரும் இருக்காது, நேரமும் இருக்காது. உள்ளூர் ரீவி நீர்ப்பாசனப் பொறியியலாளரைக் கூப்பிட்டுக் கேட்டு, "இரவு 9.40 நிலவரம் இது, சொன்னவர் இன்னார்" என்று திரையில் போட வேணும். அந்த நேரம் போடுவது மிக முக்கியம். ஒன்பது மணிக்குச் சொன்னது பதினொரு மணிக்குப் பிழையாகலாம். அதைத் திருத்திச் சொல்ல ஆள் விடியும்வரை இருக்க வேணும். வெள்ளத்துக்கு மட்டுமில்லை, சிறுபோகக் கூட்டத்தில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் தீர்மானித்தார்கள், எந்தத் திகதியில் குளத்துத் துருசு (மதகு) திறப்பார்கள், எந்தப் பக்கம் நெல்லில் அறக்கொட்டியான் பூச்சி தொடங்கியிருக்கு என்பதெல்லாம் வேறு எந்தச் சனலும் சொல்லப்போகிற விசயமில்லை.

முல்லைத்தீவு, கடற்றொழிலாளி: புயல் எண்டால் முதல் போறது கரண்ட். இருட்டுக்க ரீவியை எப்பிடிப் பார்க்கிறது?

பார்க்க ஏலாதுதான். ஆகவே புயல் நேர வேலையை ரீவி புயலுக்கு முதலே செய்து முடிக்க வேணும். 2020இல் புரெவிப் புயல் டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை தொட்டது. அதற்கு முந்தின நாட்களிலேயே வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரித்துக்கொண்டிருந்தது. படகை எங்கே ஏற்றிக் கட்டுவது, வலையை எடுக்கிறதா விடுகிறதா, கொக்கிளாய், நாயாற்றுப் பக்கச் சனம் எங்கே போவது, எந்தக் கிராம அலுவலரைப் பிடிப்பது, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அடித்தால் யார் எடுப்பார்கள் என்பதெல்லாம் வெளிச்சம் இருக்கிறபோதே திரும்பத் திரும்பப் போக வேணும். நோயாளிகளும் கர்ப்பிணித் தாய்மாரும் முதல் எங்கே போக வேணும் என்பதையும் சேர்த்து.

கரண்ட் போன பிறகு ரீவிக்காரர் அதே தகவலைக் குரலாகப் போனுக்கு அனுப்ப வேணும், வானொலிக்குக் கொடுக்க வேணும், கோயில், தேவாலய, பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேணும். திரை அணைந்தால் கடமை முடிந்தது என்று வீட்டை போகிற நிலையத்தை நான் உள்ளூர் நிலையம் என்று சொல்லமாட்டேன்.

மாங்குளம்: கொக்காவிலில அவ்வளவு பெரிய கோபுரம் நிக்குது. ஆனா எங்கட ஆக்களின்ர சனலை அன்ரனா போட்டுப் பிடிக்க ஏலாமல் கிடக்கு. ஏன்?

தம்பி, அந்தக் கோபுரத்துக்கு ஒரு கதை இருக்கு. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. வடக்குக்கு அதன் ஒளிபரப்பைக் கொண்டுவந்தது கொக்காவில் நிலையம். 1990 சண்டையில் அது அழிந்தது. பிறகு 2011 ஜூனில் இப்போது நிற்கிற 174 மீற்றர் கோபுரத்தைத் திறந்தார்கள்.

கோபுரம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அதில் ஏறிவிட ஏலாது. தனியார் தொலைக்காட்சி நடத்த 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரிடம் அனுமதிப்பத்திரம் வேணும். அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போக வேணும். ஊர்ச் சனம் சேர்ந்து லாப நோக்கமில்லாமல் நடத்துகிற தொலைக்காட்சிக்கு என்று தனி அனுமதி வகை எதுவும் இல்லை. கொழும்பில் இருக்கிற பெரிய கம்பனி நுழைகிற அதே வாசலாலேதான் நாங்களும் நுழைய வேணும். ஆகவே எங்கட பக்கத்து அலைவரிசைகள் கேபிள், டிஷ் தொகுப்பு, இணையம் என்று போகின்றன. கேபிள் இழுக்கிறவர் வீடுகள் நெருக்கமாக இருக்கிற இடம்வரைதான் இழுப்பார். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வளவுக்கு வளவு கிடக்கிற தூரத்துக்கு அவருக்குக் கட்டாது. ஆகக் கூடுதலாகத் தகவல் தேவைப்படுகிற வீடுதான் இணைப்புக் கிடைக்காத வீடாகவும் இருக்கு. இது எனக்கு இன்றைக்கும் நோகிற விசயம்.

1997இல் ஒலி-ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசு அவற்றை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வானொலியில் 1989இலேயே கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. அதுகூட அரச கூட்டுத்தாபனத்தின் கைக்குள்தான். டிஜிற்றல் தரை ஒளிபரப்புக்கு 2014இல் ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தார்கள். அது வந்தால் ஒரே அலைவரிசையில் பல சனல்களை அடக்கலாம். அதில் மாவட்டத்துக்கு ஒரு இடம் சமூகத்துக்கு என்று ஒதுக்கச் சொல்லி இப்போதே கேட்க வேணும். பங்கு பிரித்து முடிந்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள்.

முள்ளியவளை, ஒரு தாய்: உதவி தாறம் எண்டு கமராவோட வந்தவை. என்ர பிள்ளை அழுததை எடுத்துப் போட்டுட்டினம். பள்ளிக்கூடத்தில அவளைப் பகிடி பண்ணுதுகள். நான் என்ன செய்ய?

தங்கச்சி, முதல் ஒன்று: உங்களில் பிழை இல்லை. அரிசி மூட்டையைக் காட்டி, "பிள்ளை, அப்பாவைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் அழும். கேட்டவருக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

அந்தப் படத்தை எடுக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. எழுத்தில் கேளுங்கோ. எந்த நாள், எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிட்டு, பிள்ளை பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்பதையும் எழுதி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கோ. பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி கொடுங்கோ. அவர்கள் அசையாவிட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கு. உதவியை வாங்கினபடியால் வாய் திறக்க ஏலாது என்று நினைக்காதேங்கோ. "எடுங்கோ" என்று அன்றைக்குச் சொன்ன சொல்லை இன்றைக்குத் திருப்பி எடுக்கவும் ஏலும்.

நிருபர்களுக்கு நான் சொல்லுகிறது இது. கையை எடுங்கோ, முதுகை எடுங்கோ, ஒழுகுகிற கூரையை எடுங்கோ. பிள்ளையின் முகம் வேண்டாம், பள்ளிக்கூடச் சீருடையும் வேண்டாம், ஏனென்றால் சீருடையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கமரா வேண்டாம் என்று சொன்னவருக்கும் உதவி அப்படியே போக வேணும். அதோடு நின்றுவிடவும் கூடாது. ஒரு தாய் தகரக் கொட்டிலில் இருக்கிறாள் என்றால் வீட்டுத்திட்டப் பணம் முதல் கட்டத்தோடு ஏன் நின்றது, அத்திவாரத்தில் புல் முளைக்குமட்டும் யாருடைய மேசையில் அந்தக் கோப்புக் கிடந்தது என்று போய்க் கேட்டிருக்க வேணும். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தால் அதே ஊரில் நாற்பது வீட்டுக்குக் கூரை வரலாம். அழுகையை எடுத்துப் போட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வரும், பிள்ளைக்கு வாழ்நாள் வடு வரும். உள்ளூர் நிலையம் என்றால் அந்தப் பிள்ளை நாளைக்கும் எங்கட றோட்டால்தான் பள்ளிக்கூடம் போகும் என்பதை நினைத்துக்கொண்டு கமராவைத் தூக்க வேணும்.

வவுனியா: இந்த ரீவிகளுக்குக் காசு எங்கால வருது?

மரண அறிவித்தல், நினைவஞ்சலி, கோயில் திருவிழா நேரலை, நகைக்கடை, புடவைக்கடை விளம்பரம். நேரலையின் செலவைப் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிற உபயகாரர் கொடுப்பார். இதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக ஏலாமல் படுக்கையில் கிடக்கிற பெரியம்மாவுக்கு அந்த நேரலை பெரிய ஆறுதல். மடு மாதா திருநாளும் அப்படித்தான்.

ஆனால் காசு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தால் நிகழ்ச்சியும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் திரும்பும். அங்குள்ளவர் ஊரைப் பார்த்து ஏங்குகிற படம் கூடும். இங்குள்ளவருக்கு வேண்டிய நெல் விலை குறையும். மாலை ஆறரைக்கு வயலால் வந்து குந்துகிறவருக்கு என்ன போகுது என்று பார்த்தால் நிலையம் யாருக்காக நடக்கிறது என்று விளங்கும். இன்னுமொன்று, வீதி போடுகிற ஒப்பந்தக்காரர் விளம்பரம் தருகிறார் என்பதற்காக அவர் போட்ட வீதி ஆறு மாதத்தில் பெயர்ந்ததை விடக்கூடாது. விளம்பரம் வாங்குகிறவரும் செய்தி எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அந்தச் செய்தி வராது.

ஒட்டுசுட்டான்: கந்தோருக்குப் போனால் அதிகாரியள் கதைக்க மாட்டினமாம். நிருபர் தம்பி பாவம், வெறுங்கையோட திரும்பி வாறார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுக்கச் சொல்லுங்கோ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் இருக்க வேணும். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத ஏலாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் எழுதிப் பதிய வேணும். 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று முடிவு சொல்ல வேணும். மறுத்தால் மேன்முறையீடு இருக்கு.

"குளக்கட்டு வேலைகள் பற்றிய விபரம்" என்று கேட்டால் சப்பென்று ஒரு பதில் வரும். இந்தக் குளம், இந்த ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை, கொடுத்த தொகை, வேலை ஏற்றவர், முடிக்க வேண்டிய திகதி என்று பிரித்துக் கேட்க வேணும். வந்த தாளைத் திரையில் காட்டி வாசியுங்கோ. பிறகு அதே கட்டில் போய் நின்று கமக்காரர் அமைப்புத் தலைவரிடம் கேளுங்கோ.

பாரதிபுரம்: எங்கட ஊர்ப்பேர் ரீவியில வாறது கசிப்புப் பிடிச்சதுக்கும் அடிபாட்டுக்கும்தான்.

நீங்கள் சொல்வது சரி. மலையகத்திலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து, காட்டை வெட்டி, இந்த மண்ணில் பாடுபட்ட சனத்தின் ஊர்கள் அவை. பொலிஸ் தருகிற செய்தியை மட்டும் எடுத்துப் போட்டால் ஊர் அப்படித்தான் தெரியும். உங்கட ஊர்ப் பிள்ளை ஒன்று நிருபராக வராதவரை இது மாறாது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் சனத்துக்கும் இதையே சொல்லுவேன். இருபது வயதுப் பிள்ளை ஒன்றை அனுப்பிவையுங்கோ, பழக்கிவிடுகிறேன்.

கிளிநொச்சி, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய்: 2017 மாசி 20 தொடங்கி றோட்டில இருக்கிறம். கமரா வாறது வருசம் முடியிற நாளுக்கு மட்டும்.

அம்மா, அந்த நாளில் வந்து இரண்டு நிமிசம் எடுத்துப் போகிறது போதாது. உங்கட பிள்ளை எந்த இடத்தில், யார் பார்க்க, எப்படிப் போனது என்று நீங்கள் சொல்லுகிறதை வெட்டாமல் முழுதாகப் பதிந்து வைக்க வேணும். அதை ஒளிபரப்புவதா, எப்போது, எவ்வளவு என்று முடிவெடுக்கிறது நீங்கள்தான். பதிவு ஒரே கணினியில் கிடக்கக்கூடாது, இரண்டு இடத்தில் இருக்க வேணும், ஒரு பிரதி உங்கட கையில் தர வேணும். உங்களோடு இருந்த தாய் தகப்பன்மார் பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். அவர்கள் சொன்னதில் எவ்வளவு பதியப்படாமல் போனது என்று நினைத்தால் மனம் தாங்குதில்லை. வேறு எந்த நிகழ்ச்சியையும் பிற்போடலாம், இதைப் பிற்போட ஏலாது.

புதுக்குடியிருப்பு: கூத்துகளை ஏன் அஞ்சு நிமிசமாக் குறைச்சுப் போடுறியள்?

குறைக்கக் கூடாது. முல்லைத்தீவுக் கூத்துப் பாணியான முல்லைமோடியில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடுகிறது. அண்ணாவியாரையும் மத்தளத்தையும் சேர்த்து முழு இரவும் எடுத்து, சனிக்கிழமைகளில் பகுதி பகுதியாகப் போடலாம். ஏடு வைத்திருக்கிற அண்ணாவிமார் இருக்கும்போதே எடுக்க வேணும்.

செட்டிகுளம், மாணவி: என்னட்டப் போன் மட்டும்தான் இருக்கு அக்கா. நானும் செய்தி எடுக்கலாமோ?

தாராளமாக, பிள்ளை. போனைக் கிடையாகப் பிடி. ஒரு காட்சியைப் பத்து விநாடி ஆட்டாமல் எடு. படத்தை விடச் சத்தம் முக்கியம். வயல் காற்றில் குரல் அடிபட்டுப் போகும், ஆகவே சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கு. பேசுகிறவரின் பெயரை அவரையே எழுதித் தரச்சொல்லு. முதல் செய்தியாக உன்ர ஊர்ப் பஸ்ஸை எடு: எத்தனை மணிக்கு வரவேணும், எத்தனை மணிக்கு வருகுது, மழை நாளில் வருகுதா, பஸ் சாலை (டிப்போ) முகாமையாளர் என்ன சொல்லுகிறார்.

பரந்தன்: செல்லடியில எனக்குக் காது போட்டுது. செய்தி வாசிக்கிறவரின்ர வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்.

ஐயா, உங்களைப் போல கனபேர் வன்னியில் இருக்கிறீங்கள். சைகை மொழி பெயர்ப்பாளர் ஒருவரைச் செய்தி நேரம் முழுக்கத் திரை மூலையில் நிறுத்த வேணும். வளர்ந்த பிறகு இடையில் காது போனவர்களுக்குச் சைகை தெரியாமலும் இருக்கலாம். அவர்களுக்குப் பெரிய எழுத்தில், மெதுவாக, வாசிக்கிற செய்தியையே கீழே போட வேணும். இப்போது ஓடுகிற எழுத்தில் விளம்பரம்தான் கூடுதலாக ஓடுகிறது. வெள்ள அறிவித்தல் நேரத்தில் அதை நிறுத்திவிட்டு அறிவித்தலை எழுத்தில் போடச் சொல்லி உங்கட மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தாருங்கோ. நிலையங்களுக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துப் பேசுகிறது என்ர பொறுப்பு.