மானிட்டரில் நாமாக வைத்த ரெசல்யூஷன் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடுகிறது, அப்படியே நிற்க வைப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. டெர்மினலில் கட்டளை கொடுத்தால் 1920க்கு 1080 ஜம்மென்று வருகிறது, ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 1024க்கு 768 ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கோளாறால் ஒரு கல்யாண மாப்பிள்ளையை நாங்கள் கால்வாசி இளைக்க வைத்துவிட்டோம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

டெர்மினல் என்று சொல்வதால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ்தான், அதிலும் மின்ட் அல்லது உபுண்டு வகை என்று எடுத்துக்கொள்கிறேன். மானிட்டர் பழசு, விஜிஏ கேபிள் என்றும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

எனக்கு விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக் எல்லாம் உண்டு. லினக்ஸில் யாரய்யா டிடிபி செய்கிறார்கள் என்று கீழே கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இரண்டு மெஷினில் விண்டோஸ்தான் ஓடுகிறது. மூன்றாவது பழைய மெஷின். அதற்கும் காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லை, திருட்டுக் காப்பி போட மனசில்லை, அதனால் மின்ட், படம் திருத்த ஜிம்ப், டிசைன் போட இங்க்ஸ்கேப். ஃபிளெக்ஸ் வேலைக்கு அது தாராளம். இது என் கடை, என் மெஷின், விவாதம் வேண்டாம்.

அந்த மெஷினுக்கு ஒரு 22 இன்ச் மானிட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கேபிள் கூட வரவில்லை, மேஜை டிராயரில் கிடந்த ஒரு விஜிஏ கேபிளைச் சொருகினேன். வந்தது 1024க்கு 768தான், லிஸ்ட்டில் அதற்கு மேல் எதுவுமே இல்லை. அகலமான திரையில் இதை இழுத்துக் காட்டும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகத் தெரியும். வட்டம் போட்டால் முட்டை. சாமி படம் போட்டால் முருகன் கூட தொந்தியோடு நிற்பார்.

தேடிப் படித்து, நீங்கள் இப்போது செய்வதையே செய்தேன். சிவிடி என்ற கட்டளைக்கு அகலம், உயரம், 60 என்று கொடுத்தால் மோட்லைன் என்று, திரையின் அளவும் வேகமும் எண்களாக அடங்கிய ஒரு வரி தரும். அந்த வரியை, திரை அமைப்பை மாற்றுகிற எக்ஸ்ராண்டர் என்ற கட்டளையிடம் புது மோடாகச் சேர்க்கச் சொல்லி, பிறகு விஜிஏ போர்ட்டுக்கு ஒட்டச் சொல்லி, பிறகு அதற்கு மாறச் சொல்ல வேண்டும். மொத்தம் மூன்று வரி. தினமும் காலையில் கடை திறந்து, ஊதுபத்தி ஏற்றி, இந்த மூன்று வரியை அடிப்பேன். 173, 1920, 2048, 2248, 2576, 1080, 1083, 1088, 1120. என் பெண்டாட்டி போன் நம்பர் கூட எனக்கு இப்படி மனப்பாடம் கிடையாது.

இது ஏன் நிற்பதில்லை என்றால், எக்ஸ்ராண்டர் சொல்வதை எக்ஸ் சர்வர் (லினக்ஸில் திரையில் படம் காட்டுகிற புரோகிராம்) அப்போதைக்குத் தன் மெமரியில் மட்டும்தான் வைத்துக்கொள்கிறது. எந்த ஃபைலிலும் எழுதி வைப்பதில்லை. ரீஸ்டார்ட் கூட வேண்டாம், லாக் அவுட் செய்து வந்தாலே போச்சு. ஆகவே நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

சரி, தினமும் அடிக்கச் சலித்துப்போய் மூன்று வரியையும் ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டு, ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் சேர்த்துவிட்டேன். இணையத்தில் பாதிப் பேர் உங்களுக்கும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. லாகின் திரை மட்டும் தொந்தியோடு வரும், உள்ளே போனதும் சரியாகிவிடும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்ட்டை அப்கிரேடு செய்தேன். திங்கள் காலை ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை. டிரைவர் மாறியதில் போர்ட்டின் பெயரே மாறிவிட்டது. விஜிஏ1 என்று இருந்தது நடுவில் ஒரு சின்னக் கோடு சேர்ந்து விஜிஏ-1 ஆகிவிட்டது. ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல், யாரிடமும் சொல்லாமல் செத்துப்போனது. அன்றைக்குக் கையால் அடித்துச் சரி செய்துவிட்டு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கடையில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாளே ஆன பையன் ஒருவன்.

மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ்ஸில் பேட்டரி என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. கரண்ட் வந்ததும் பையன் மெஷினை ஆன் செய்திருக்கிறான், திரை 1024க்குப் போய்விட்டது. அவனுக்கு அது தெரியாது. நான் பாதி செய்து வைத்திருந்த பத்துக்கு ஆறு கல்யாண பேனரைத் திறந்து பார்த்தால் மாப்பிள்ளை பூசணிக்காய் மாதிரி இருக்கிறார். அண்ணன் அவசரத்தில் போட்டோவை இழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார் போல என்று நினைத்து, உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் குறைத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை சுருக்கியிருக்கிறான். நூற்றுக்கு எழுபத்தைந்து. கணக்கு பார்க்காமல் கண்ணாலேயே கச்சிதமாகப் பிடித்திருக்கிறான், அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிரிண்ட் வந்தது. மணப்பெண் படம் தனியாக, அவன் கை படாமல், லட்சணமாக இருந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை விரதம் இருந்து எழுந்து வந்தவர் மாதிரி ஒட்டிய கன்னத்தோடு நின்றார். அவருடைய தாய்மாமா கடைக்கு வந்து பேனரை விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்க பையனுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார். சதுர அடி 12 ரூபாய் என்று 60 அடிக்கு 720 ரூபாய் என் கையிலிருந்து போட்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு அடித்துக் கொடுத்தேன். பணம் கூடப் பரவாயில்லை, அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.

இதில் இன்னொரு விஷயம், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பையன் பிரிண்ட்டுக்கு அனுப்புமுன் வாட்ஸாப்பில் புரூஃப் அனுப்பியிருக்கிறான். மாப்பிள்ளையின் அண்ணன் அரை நிமிஷத்தில் கட்டைவிரல் போட்டிருக்கிறார். அவருடைய போனில் ஒல்லியாகத்தானே தெரிந்திருக்கும்? கூடப் பிறந்த தம்பி முகத்தைக் கூடப் பார்க்காமல் ஓகே சொல்கிறார்கள். பத்திரிகையிலும் இதே கதைதான். மூன்று முறை அனுப்புவோம், மூன்று முறையும் கட்டைவிரல். ஐந்நூறு பத்திரிகை அடித்து வந்தபிறகு, "தாத்தா பேருக்கு முன்னாடி தெய்வத்திரு போடலையே" என்று வருவார்கள். எழுதிக் கொடுத்த சீட்டில் இல்லையே என்றால், "அது உங்களுக்கே தெரிய வேண்டாமா" என்பார்கள். அவர் தாத்தா உயிரோடு இருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் புரூஃப் காகிதத்தில் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மறுவேலை. போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரிப்ட் வேண்டாம், எக்ஸ் சர்வர் எழும்போதே படிக்கிற ஃபைலில் எழுதி வையுங்கள். இடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11, அதற்குள் எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப் டாட் டி என்று ஒரு ஃபோல்டர். இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம், ரூட் அனுமதி வேண்டும். அதில் கான்ஃப் என்று முடிகிற ஒரு ஃபைல். ஃபைலுக்குள் மானிட்டர் என்று ஒரு செக்ஷன், அதில் ஐடென்டிஃபையராக எக்ஸ்ராண்டர் காட்டுகிற போர்ட் பெயர் கோடு உட்பட அப்படியே, பிறகு அந்த மோட்லைன், பிறகு ஆப்ஷன் பிரிஃபர்டுமோட் என்று அந்த மோடின் பெயர். எழுத்துக்கு எழுத்து இங்கே தரவில்லை. போனில் டைப் செய்கிறேன், ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் என்னைத்தான் திட்டுவீர்கள்.

இவ்வளவு செய்தும் எனக்கு முதல் தடவை வரவில்லை. மானிட்டர் யாரென்றே தெரியாதபோது எக்ஸ் சர்வர் பயந்துகொண்டு பழங்காலத்துக் கணக்கில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கிடைமட்ட வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் கோடு வரைகிறது என்பதை, ஏற்காது. அந்த மோட்லைனுக்கோ 67 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். அதனால் அதே செக்ஷனில் ஹாரிஸ்சிங்க் (கிடைமட்ட வேகம்), வெர்ட்ரெஃப்ரெஷ் (நொடிக்கு எத்தனை முறை முழுத் திரை) என்று இரண்டு வரியும் சேர்க்க வேண்டும். என் மானிட்டருக்கு மேனுவலில் 30 முதல் 83 கிலோஹெர்ட்ஸ், 56 முதல் 76 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. உங்களுடையதற்கு உங்கள் மேனுவலைப் பாருங்கள், என் எண்ணைப் போட்டுவிட்டு மானிட்டர் போச்சு என்று வராதீர்கள். இந்த இரண்டு வரியைப் பாதிப் பேர் சொல்வதே இல்லை, நான் இரண்டு ராத்திரி இதில்தான் விழுந்து கிடந்தேன்.

ஃபைலில் தப்பு இருந்தால் திரை கறுப்பாக நிற்கலாம். பதறாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும், லாகின் செய்து அந்த ஃபைலை அழித்துவிட்டு ரீபூட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். லாகின் திரை சரியாக வந்து, உள்ளே போனதும் மட்டும் மாறுகிறது என்றால் டெஸ்க்டாப் தன் பங்குக்குப் பழைய குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது என்று அர்த்தம். டிஸ்பிளே செட்டிங்ஸில் புது ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை அப்ளை கொடுங்கள், மாற்றி எழுதிக்கொள்ளும். உங்கள் உபுண்டு எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஓடினால் இந்த எக்ஸ் வித்தை எதுவும் எடுபடாது, மெஷின் எழும்போது லினக்ஸை ஏற்றிவிடுகிற கிரப்பில் கெர்னலுக்கு (லினக்ஸின் அடிப்படைப் பகுதி) வீடியோ என்ற வரியைக் கொடுக்க வேண்டும். அல்லது லாகின் திரையில் எக்ஸ்ஆர்க் செஷனைத் தேர்ந்தெடுங்கள், அங்கே இருந்தால்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். இத்தனை நாள் கழித்து ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக் வேறு வேலையாகக் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் கேபிளைக் கழற்றி முனையைப் பார்த்தார். "அண்ணே, 12ம் 15ம் இல்லையே" என்றார்.

மானிட்டர் தன் பெயர், அளவு, தாங்கும் ரெசல்யூஷன் எல்லாவற்றையும் இடிஐடி என்ற 128 பைட் குறிப்பாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. விஜிஏவில் அந்தப் பேச்சு நடப்பது 12, 15 ஆகிய இரண்டு பின்களில். மட்டமான கேபிள்களில் அந்தப் பின்னே இருக்காது, அல்லது உள்ளே வயர் இருக்காது. படம் மட்டும் வரும், பேச்சு வராது. அவர் பையிலிருந்து வேறு கேபிளை எடுத்துச் சொருகினார், நான் எழுதிய ஃபைலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தார். லாகின் திரையிலேயே 1920க்கு 1080. கேபிள் 250 ரூபாய்.

விண்டோஸ் போட்டால் தீர்ந்தது என்று எழுதப்போகிறவர்களே, அந்தப் பழைய கேபிளை என் விண்டோஸ் மெஷினிலும் போட்டுப் பார்த்தேன். ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர், அதாவது யாரென்றே தெரியாத மானிட்டர் என்றுதான் காட்டியது.

அந்த ஒல்லி மாப்பிள்ளை பேனரை எறியவில்லை. மழைக்கு வண்டிகள் நனையாமல் கடை வாசலில் கட்டியிருக்கிறோம், முகம் கீழ்ப்பக்கமாக. நீங்கள் முதலில் கேபிளைக் கழற்றி அந்த இரண்டு பின் இருக்கிறதா என்று பாருங்கள். பின் இருந்தும் வராவிட்டால் வேறு கேபிள் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த ஃபைலை எழுதுங்கள். எங்கே நிற்கிறது என்று கீழே போடுங்கள், கடை மூடியபிறகு வந்து பார்க்கிறேன்.