எத்தனை தெரு தள்ளி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நியூயார்க்கின் செப்டம்பர் 11 நினைவிடம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மனதைத் தொட்டது. ஆனால் நடுவில், கோபுரங்கள் இடிந்த இடத்துக்கு அருகே இஸ்லாமிய சமூக மையம் ஒன்றைக் கட்டும் திட்டத்தால் 2010இல் எழுந்த 'கிரவுண்ட் ஸீரோ மசூதி' சர்ச்சையைப் பற்றி, எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

2001இல் நான் ஜெர்சி சிட்டியில் இருந்தேன். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் எழுந்த புகையைக் கண்ணால் பார்த்தவன். என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் தம்பி அன்று வீடு திரும்பவில்லை. அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பங்கள் "இங்கே வேண்டாம், கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டது தவறா? சட்டப்படி உரிமை இருந்தது, சரி. உரிமை இருக்கிறது என்பதற்காகச் செய்தே ஆக வேண்டுமா? நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமை ஒட்டி இருந்த கன்னியர் மடத்தைப் போப்பாண்டவரே இடம் மாற்றச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை இவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாதா? உங்கள் வீட்டில் ஒருவரை அங்கே பறிகொடுத்திருந்தால் இப்படி எழுதியிருப்பீர்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பறிகொடுத்திருந்தால் ஒருவேளை நானும் எதிர்ப்பாளர்களோடு தெருவில் நின்றிருப்பேன். துக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ஆனால் பறிகொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. குடும்பங்களில் பல கடுமையாக எதிர்த்தன, உண்மை. இறந்தவர்களின் உறவினர்கள் சேர்ந்து நடத்தும் 'பீஸ்ஃபுல் டுமாரோஸ்' அமைப்போ வெளிப்படையாக ஆதரித்தது.

சல்மான் ஹம்தானியை எடுத்துக்கொள்ளுங்கள். கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த 23 வயதுப் பையன். காவல்துறைப் பயிற்சி மாணவன், அவசர மருத்துவ உதவியிலும் பயிற்சி பெற்றவன். அன்று காலை வேலைக்குப் போக வேண்டியவன், உலக வர்த்தக மையக் கோபுரங்களை நோக்கிப் போனான், திரும்பவில்லை. முஸ்லிம் பெயர் என்பதால் அவன்மேலேயே சந்தேகம் விழுந்தது. அவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்ற தொனியில் பத்திரிகையில் செய்தி வந்தது. 2002 மார்ச்சில்தான் இடிபாடுகளில் கிடைத்த எச்சங்கள் அவனுடையவை என்று உறுதியானது. அவன் அம்மா அந்த மையம் வர வேண்டும் என்று பேசினார். அவருடைய துக்கமும் துக்கம்தானே? குடும்பங்களின் மனம் புண்படும் என்று சொல்லும்போது இந்த அம்மாவை நாம் எந்தப் பக்கத்தில் வைக்கிறோம்?

தெற்குக் கோபுரத்தின் 17ஆவது மாடியில் முஸ்லிம்கள் தொழுவதற்கென்று ஓர் அறை இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் தினமும் பயன்படுத்திய அறை. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த 'விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்' உணவகத்தில் இறந்த தொழிலாளர்களில் வங்கதேச முஸ்லிம்களும் உண்டு. அந்த வட்டாரத்துக்கு முஸ்லிம்கள் 2010இல் புதிதாக வந்து இறங்கவில்லை. மஸ்ஜித் மன்ஹாட்டன் என்ற பள்ளிவாசல் 1970இல் தொடங்கப்பட்டது. சர்ச்சை நடந்தபோது அது நினைவிடத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, வாரன் தெருவில் இருந்தது. இந்தத் திட்டத்தின் முகமாக இருந்த இமாம் ஃபைசல் அப்துல் ரவூஃப், டிரைபெக்கா பகுதிப் பள்ளிவாசலில் 1983 முதல் இமாமாக இருந்தவர்.

மையம் வரவிருந்த பார்க் பிளேஸ் 45-51 என்ற இடம் நினைவிடத்திலிருந்து இரண்டு தெரு வடக்கே. அங்கே இருந்தது பர்லிங்டன் என்ற துணிக்கடை. விமானம் ஒன்றின் தரையிறங்கு சக்கரப் பகுதி அதன் கூரையைத் துளைத்து விழுந்ததால் கடை மூடப்பட்டு, பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. ஷரீஃப் எல்-கமால் என்ற ரியல் எஸ்டேட்காரர் 2009இல் அதை வாங்கினார். 13 மாடி, சுமார் 10 கோடி டாலர் செலவு, நீச்சல்குளம், கூடைப்பந்து ஆடுகளம், 500 பேர் உட்காரும் அரங்கு, செப்டம்பர் 11இல் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுப் பகுதி, அவற்றோடு ஒரு தொழுகைக்கூடம். மன்ஹாட்டனில் யூதர்கள் நடத்தும் சமூக மையங்களைப் பார்த்துப் போட்ட திட்டம் அது.

விமானத்தின் பாகம் விழுந்த கட்டடம் என்பதால் அதையும் நினைவிடத்தின் பகுதியாகவே பார்க்க வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். உங்கள் பக்கத்து வாதங்களில் வலுவானது இது. ஆனால் அன்று சுற்றிலும் சேதமான கட்டடங்கள் ஏராளம். அவற்றில் கடைகளும் அலுவலகங்களும் திரும்ப வந்தன, யாரும் தடுக்கவில்லை. நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையமும் 2010 ஆகஸ்ட் 3 அன்று, 9 பேரும் ஒருமனதாக, அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தது.

அப்புறம், காலவரிசையைக் கொஞ்சம் பாருங்கள். 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதியது. பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை. அதே மாதம் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வலதுசாரித் தொகுப்பாளர் லாரா இங்க்ரம், இமாமின் மனைவி டெய்ஸி கானைப் பேட்டி எடுத்து, முயற்சியைப் பாராட்டியே பேசினார். 2010 மே மாதம் உள்ளூர்ச் சமூகக் குழு 29க்கு 1 என்று ஆதரவாக வாக்களித்தது. 10 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள். இஸ்லாத்துக்கு எதிராகவே இயக்கம் நடத்திவந்த பமேலா கெல்லர் போன்றவர்கள் அந்த மாதத்தில்தான் இதைக் கையில் எடுத்தார்கள். குடியரசுக் கட்சித் தலைவர்களான சாரா பேலின், நியூட் கிங்ரிச் எல்லோரும் கோடையில் சேர்ந்துகொண்டார்கள். நவம்பரில் காங்கிரஸ் தேர்தல். தேர்தல் முடிந்ததும் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது. உங்கள் நண்பரின் குடும்பத்துடைய வலி நவம்பரோடு முடிந்துவிடவில்லை. அந்த வலியை எடுத்துப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

"கொஞ்சம் தள்ளி" என்கிறீர்கள். எவ்வளவு தள்ளி? டொனால்ட் டிரம்ப் அந்த செப்டம்பரில் திட்டத்தின் முதலீட்டாளர் ஒருவரின் பங்கை 25 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கடிதம் எழுதினார். புதிய பள்ளிவாசல் குறைந்தது இன்னும் ஐந்து தெரு தள்ளி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆளுநர் டேவிட் பேட்டர்சன் வேறு இடத்தில் அரசு நிலம் பற்றிப் பேசலாம் என்றார். இவர்களுக்காவது ஒரு கணக்கு இருந்தது. அதே கோடையில் ஸ்டேட்டன் தீவில், காலியாகக் கிடந்த ஒரு கத்தோலிக்க மடத்தை முஸ்லிம் அமைப்பு ஒன்றுக்கு விற்கும் ஏற்பாடு அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் ரத்தானது. அது நினைவிடத்திலிருந்து கடல் தாண்டி இருக்கிறது. டென்னசி மாநிலத்தின் மர்ஃப்ரீஸ்பரோ நியூயார்க்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அங்கே பள்ளிவாசல் கட்டும் இடத்தில் நின்ற இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். இஸ்லாம் ஒரு மதமே இல்லை என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அங்கே எந்த நினைவிடத்தின் புனிதம் கெட்டது? நியூயார்க்கில் திட்டக்காரர்கள் பணிந்து போயிருந்தால் மர்ஃப்ரீஸ்பரோக்காரர்களிடம் எந்த முகத்தோடு நியாயம் பேசியிருப்பார்கள்?

ஆஷ்விட்ஸ் உதாரணத்தைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 1984இல் கார்மேல் சபைக் கன்னியர் குடியேறியது முகாமை ஒட்டிய, நாஜிகள் சைக்ளோன் பி நச்சுவாயுவைச் சேமித்து வைத்த கட்டடம். அங்கே கொல்லப்பட்ட சுமார் 11 லட்சம் பேரில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். யூதர்களின் ஆட்சேபம் என்ன? கத்தோலிக்கர்கள்தான் கொன்றார்கள், அதனால் விலகி நில்லுங்கள் என்பதல்ல. எங்கள் மக்கள் அழிக்கப்பட்ட இடத்தின்மேல் இன்னொரு மதத்தின் சின்னம் நின்றால் எங்கள் நினைவு மூடப்பட்டுவிடும் என்பதுதான். நியாயமான கவலை. 1993இல் இரண்டாம் ஜான் பால் அதற்குச் செவிசாய்த்தார். நியூயார்க்கில் எதன்மேல் எது நிற்கப் போனது? நினைவிடத்திலிருந்து பார்த்தால் அந்த மையம் கண்ணில்கூடப் படாது. அங்கே ஆட்சேபத்துக்கு ஒரே காரணம், கொலைகாரர்கள் சொல்லிக்கொண்ட மதமும் இவர்களின் மதமும் ஒன்று என்பது. அந்தக் காரணத்தை ஏற்றால், அந்தக் கொலைக்குச் சல்மானின் அம்மாவும் பொறுப்பு என்றாகிவிடும். இந்த ஆஷ்விட்ஸ் வாதத்தை அன்று முன்வைத்தவர் ஆன்டி டிஃபமேஷன் லீக் என்ற யூத அமைப்பின் ஆபிரகாம் ஃபாக்ஸ்மன். அதே அமைப்பு, அடுத்த தலைவர் ஜொனாதன் கிரீன்பிளாட் காலத்தில், 2021இல் தன் நிலைப்பாடு தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நினைவிடத்துக்கும் பார்க் பிளேஸுக்கும் நடுவில், பார்க்லே தெருவில் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. நியூயார்க்கின் முதல் கத்தோலிக்கப் பங்கு ஆலயம் அது. பிரிட்டிஷ் காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அந்த மாகாணத்துக்குள் வரவே தடை. 1785இல்தான் அடிக்கல் நாட்ட முடிந்தது. 1806 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கத்தோலிக்கர்களைப் பிடிக்காத கும்பல் அந்த ஆலயத்தைச் சூழ்ந்துகொண்டு கலவரம் செய்தது. வெளிநாட்டு போப்புக்குக் கட்டுப்பட்டவர்கள், நாட்டுக்கு விசுவாசமாக இருக்க மாட்டார்கள் என்று அன்று அவர்களைச் சொன்னார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று தீயணைப்புத் துறையின் குருவானவர் மைக்கல் ஜட்ஜின் உடலைத் தீயணைப்பு வீரர்கள் சுமந்து வந்து கிடத்தியது அந்த ஆலயத்தின் பீடத்துக்கு முன்னால்தான். ஆணையம் முடிவெடுத்த அன்று மேயர் மைக்கேல் புளூம்பெர்க் கவர்னர்ஸ் தீவில் பேசியபோது இந்த ஆலயத்தைக் குறிப்பிட்டார். 1650களில் ஜெப ஆலயம் கட்ட அனுமதி மறுக்கப்பட்ட யூதர்களையும் நினைவுபடுத்தினார். சிஎன்என் கருத்துக்கணிப்பில் அந்த மாதம் 68 சதவீத அமெரிக்கர்கள் திட்டத்தை எதிர்த்தார்கள். அதற்கு நடுவில் அவர் அப்படிப் பேசினார். அவரை நான் மிகவும் மதிப்பது அந்த ஒரு நாளுக்காக.

உங்களோடு ஒத்துப்போகும் இடமும் உண்டு. திட்டக்காரர்கள் முதலிலேயே குடும்பங்களைத் தேடிப்போய்ப் பேசியிருக்க வேண்டும். கையில் பணம் இல்லாமல் பெரிய படத்தை வரைந்து காட்டினார்கள். விரைவிலேயே இமாமுக்கும் எல்-கமாலுக்கும் இடையிலேயே விரிசல். சொன்ன மையம் வரவே இல்லை. அந்த இடத்தில் இன்று ஆடம்பர அடுக்குமாடிக் குடியிருப்புதான் நிற்கிறது. இதற்காக அவர்களைக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். தள்ளிப் போகாததற்காகக் குறை சொன்னால் சேர மாட்டேன்.

உங்கள் நண்பரின் தம்பியைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டார் விரும்பினால் அவரைப் பற்றி விரிவாக எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்.